எழுபத்தெட்டாம் நம்பர் சட்டை

1977 ஜனவரி 9, கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் ரோஸ் பவுல் மைதானம். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். அமெரிக்கக் கால்பந்தின் வருடாந்திர இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், அதன் 11-ஆவது ஆட்டத்தில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி மின்னசோட்டா வைக்கிங்ஸை 32–14 என்று தோற்கடித்தது. அன்றைய ஆட்டக் கணக்கில் ஜிம் மார்ஷல் என்ற வைக்கிங்ஸ் வீரரின் பங்கு பூஜ்யம். எதிராளியைப் பிடித்துச் சாய்த்த கணக்கு இல்லை. அடுத்தவர் சாய்த்ததில் கூடக் கை கொடுத்ததாகவும் ஒன்று இல்லை. மார்ஷல் ஏதோ வந்துபோன ஆள் கிடையாது. வைக்கிங்ஸ் அணி 1961-இல் தொடங்கியதிலிருந்து ஓர் ஆட்டம் விடாமல் ஆடியவர், எதிரணிகள் பயந்த ஒரு தடுப்பு வரிசையின் தூண். ஆனாலும் அன்றைய தாளைப் பார்த்தால் அவர் மைதானத்துக்கு வந்தாரா என்றே சந்தேகம் வரும்.

அவரை அப்படி ஒன்றுமில்லாமல் செய்தவர் ரெய்டர்ஸ் வரிசையில் 78-ஆம் நம்பர் சட்டை போட்டு நின்ற ஆர்ட் ஷெல். வேடிக்கை என்னவென்றால், அதே தாளில் ஷெல்லின் பெயருக்கு நேராகவும் எந்த எண்ணும் கிடையாது. அவருடைய வேலைக்கு எண்ணே கிடையாது.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். இவர்களுக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்கள்தான் ஆஃபென்சிவ் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். விதிப்படி இந்த ஐவரும் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கவே கூடாது. எதிரே வருபவனை மறிக்கலாம், தள்ளலாம், ஆனால் இறுக்கிப் பிடித்தால் தண்டனை. ஒரு லைன்மேன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டீர்கள் என்றால், பெரும்பாலும் அவர் தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஊரில் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இழுக்கலாம், தேர் எந்த முனையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது அந்தக் கட்டை வைப்பவர் கையில். போட்டோவில் அவர் வருவதில்லை. ஷெல் அந்த ரகம்.

நான் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வேலைக்கு வந்த புதிதில் இந்த விளையாட்டு சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாலு நொடி ஆட்டம், நாற்பது நொடி நிற்பது, நடுவில் விளம்பரம். அலுவலகத்தில் ஒரு பெரியவர், ரெய்டர்ஸ் வெறியர், சொன்னார்: பந்தைப் பார்க்காதே, இடது ஓரத்தில் குனிந்திருப்பவனைப் பார். அப்புறம்தான் எனக்கு ஆட்டம் புரிந்தது. இப்போதும் பழைய ஆட்டங்களை யூடியூபில் போட்டால் 78-ஆம் நம்பரைத்தான் தேடுவேன். காமிரா பந்தின் பின்னால் போய்விடும், அவர் திரையிலிருந்து காணாமல் போய்விடுவார். மறுபடி வரிசையில் வந்து குனியும்போது பார்க்கலாம்.

ஷெல் பிறந்தது 1946 நவம்பரில், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டனில். அந்த வருடத்துக்கு இந்த விளையாட்டில் ஒரு முக்கியத்துவம் உண்டு. 1933-க்குப் பிறகு என்எஃப்எல் என்ற அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது, யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 1946-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது, அரசுப் பணத்தில் கட்டிய கொலிசியம் மைதானத்தை ஒதுக்கலோடு வாடகைக்குத் தரக்கூடாது என்று உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் சண்டை பிடித்தார்கள். ராம்ஸ் வேறு வழியில்லாமல் கென்னி வாஷிங்டனை ஒப்பந்தம் செய்தது. சுவர் விழுந்தது அங்கே. அந்தக் கொலிசியம் ஷெல் கதையில் இன்னொரு முறை வரும்.

சிறுவனாக இருந்தபோது அவருக்குத் தாய் போய்விட்டார். வீட்டில் மூத்தவர் என்பதால் தம்பி தங்கைகளைப் பார்க்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. படித்தது கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த பாண்ட்ஸ்-வில்சன் பள்ளியில். கால்பந்தோடு கூடைப்பந்தும் ஆடினார். ஆறடி ஐந்தங்குல உயரம், 120 கிலோ எடை, அதோடு கூடைப்பந்துக்காரனின் கால்கள். டேக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடைக்காது. தென் கரோலினாவின் பெரிய பல்கலைக்கழக அணிகளில் அப்போது கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அதனால் மேரிலாந்து ஸ்டேட் என்ற சின்னக் கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். பந்து நம் பக்கம் இருக்கும்போதும் ஆடினார், எதிரிப் பக்கம் இருக்கும்போதும் ஆடினார்.

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுக்கும் தேர்வில், 1968-இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் வீரர்களைத் தேர்ந்தெடுத்த வரிசையைப் பாருங்கள். முதல் சுற்றில் டென்னசி ஸ்டேட் கல்லூரியின் எல்ட்ரிட்ஜ் டிக்கி. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர். இரண்டாம் சுற்றில் அலபாமாவின் கென் ஸ்டேப்ளர், வெள்ளையர், இடது கை குவார்ட்டர்பேக். மூன்றாம் சுற்றில், மொத்தத்தில் 80-ஆவது ஆளாக, ஆர்ட் ஷெல். ஸ்டேப்ளரும் ஷெல்லும் இந்த விளையாட்டின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ்க் கூடம் (ஹால் ஆஃப் ஃபேம்) வரை போனார்கள். டிக்கியைப் பந்து பிடிக்கும் ரிசீவராக மாற்றினார்கள், குவார்ட்டர்பேக்காக ஒரு முழு வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அன்றைக்கு நிலைமை அதுதான். ஓடு, மோது, தள்ளு என்றால் கறுப்பின வீரர் வேண்டும். யோசித்துக் கட்டளையிடும் இடங்களுக்கு, அதாவது குவார்ட்டர்பேக், சென்டர், தடுக்கும் வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் ஆகிய இடங்களுக்கு, வெள்ளையர். பயிற்சியாளர் நாற்காலியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸ் இதில் ஒரு விசித்திரப் பிறவி. மற்ற அணிகளின் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தயங்கிய கறுப்பினக் கல்லூரிகளுக்கெல்லாம் ஆள் தேடிப் போனவர். டாம் ஃப்ளோரஸ் என்ற மெக்சிகோ வம்சாவளிக்காரரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியவர். பிற்காலத்தில் எமி டிராஸ்க் என்ற பெண்ணிடம் அணி நிர்வாகத்தையே ஒப்படைத்தவர். அதே ஆள்தான் டிக்கியை ரிசீவர் ஆக்கிய அணியின் தலைவர். வழக்குப் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு, மனத்தாங்கல் வந்தால் பத்து வருடம் மறக்கமாட்டார். ஒரே வரியில் நல்லவர், கெட்டவர் என்று முடிக்க முடியாத மனிதர். ஷெல்லின் வாழ்க்கையில் ஏற்றம் இறக்கம் எல்லாம் இவர் கையால்தான்.

முதல் இரண்டு வருடம் பந்து உதைக்கும் நேரங்களில் மட்டும் இறங்கி ஓடும் வேலை. 1970-இல் இடது டேக்கிள் இடம் நிரந்தரமானது. உள்பக்கம், இடது கார்டு இடத்தில் ஜீன் அப்ஷா. இந்த ஜோடி பிறகு பத்து வருடத்துக்கும் மேல் பிரியவில்லை. 1971-இல் ரெய்டர்ஸ் லைன்மேன்களில் ஷெல், அப்ஷா, சென்டர் ஜிம் ஆட்டோ, பாப் பிரவுன், ரான் மிக்ஸ் என்று ஐந்து பேர் பிற்காலத்தில் புகழ்க் கூடத்துக்குப் போனார்கள். ஆட்டோவின் உடம்பு அந்த வேலைக்கு என்ன விலை கொடுத்தது என்று படித்தால் கும்பிடத் தோன்றாது, கோபம்தான் வரும். எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், கடைசியில் ஒரு காலையே எடுத்தார்கள்.

ஷெல் எப்படித் தப்பித்தார்? முழுசாகத் தப்பவில்லைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: சேர்ந்த நாளிலிருந்து தொடர்ந்து 156 ஆட்டங்கள். 1979-இல் பருவம் தொடங்கும் முன்பே அடிபட்டு உட்கார்ந்தார். திரும்பி வந்து தொடர்ந்து 51. கூட்டினால் 207, அதுதான் அவருடைய மொத்தமும். இடையில் எட்டு முறை, பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுல் ஆட்டத்துக்குத் தேர்வு, இரண்டு சூப்பர் பவுல் வெற்றிகள்.

அந்தக் காலத்து டேக்கிள் வேலை இன்றைய வேலை இல்லை. 1978-இல் விதியை மாற்றும் வரை, குவார்ட்டர்பேக்கைக் காக்கும்போது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிராளியை நிறுத்த முடியாது. கைகளை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தோளாலும் மார்பாலும் மறிக்க வேண்டும். எதிரே வருபவனோ 1977 வரை ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அறையலாம், அதற்குத் தடையில்லை. காது கிர்ரென்று கேட்கும்போதே கால் பின்னோக்கி நகர வேண்டும், இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், எதிராளிக்கும் நம் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவில் நம் உடம்பு இருக்க வேண்டும். பலசாலிகள் இதில் தோற்றுப்போவார்கள். கால் நகர்த்தத் தெரிந்தவர்கள் பிழைப்பார்கள். ஷெல்லின் கூடைப்பந்துக் கால்கள் இங்கேதான் உதவின.

இடது டேக்கிள் என்றாலே குவார்ட்டர்பேக்கின் பார்க்காத பக்கத்தைக் காப்பவர் என்பது இன்று எல்லோரும் சொல்லும் பாடம். வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது முதுகு இடப்பக்கம் இருக்குமே, அதனால். ஆனால் ஸ்டேப்ளர் இடது கைக்காரர்! ஷெல் காத்த பக்கம் அவர் கண்ணெதிரே இருந்த பக்கம். அப்படியானால் ரெய்டர்ஸ் தன் மிகச் சிறந்த இருவரை ஏன் இடப்பக்கம் நிறுத்தியது? ஓடத்தான். எதிரணிக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும், பந்து ஷெல்–அப்ஷா பின்னால்தான் போகப்போகிறது என்று. தெரிந்தும் நிறுத்த முடியாது. அந்த 1977 சூப்பர் பவுலில் ரெய்டர்ஸ் ஓடி எடுத்தது மட்டும் 266 கெஜம். கிளாரன்ஸ் டேவிஸ் 16 முறை ஓடி 137 கெஜம் எடுத்தார். அப்ஷா பக்கம் வைக்கிங்ஸுக்கு நின்றவர் ஆலன் பேஜ், பின்னாளில் மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானவர். எவ்வளவு பெரிய ஆட்களை அன்று ஓரம் கட்டினார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்கு வருடம் கழித்து 15-ஆவது சூப்பர் பவுல், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். ஷெல் முன்னால் நின்றது கார்ல் ஹேர்ஸ்டன். அவரும் ஷெல்லின் அதே மேரிலாந்து ஸ்டேட்டில் (பெயர் அதற்குள் மேரிலாந்து கிழக்குக் கரை என்று மாறியிருந்தது) படித்து வந்தவர்தான். ரெய்டர்ஸ் 27–10.

அந்த முதல் வெற்றியின்போது பயிற்சியாளர் ஜான் மேடன். அவரும் லைன்மேன் ஜாதிதான். 1958-இல் ஈகிள்ஸ் அவரை எடுத்தது, முதல் முகாமிலேயே முழங்கால் போய்விட்டது. ஆடாமலே முடிந்த ஆட்டக்காரர். சிகிச்சைக்கு வரும் நாட்களில் நார்ம் வான் பிராக்ளின் என்ற மூத்த குவார்ட்டர்பேக் படச்சுருள் போட்டுப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பயிற்சியாளர் ஆனவர்.

லைன்மேன்கள் ஏன் நல்ல ஆசான்கள் ஆகிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது இது. ரிசீவர் தன் ஓட்டத்தைத் தெரிந்துகொண்டால் போதும். லைன்மேனுக்கு அது போதாது. எதிரே நிற்கும் இருவர் திடீரென்று பாதை மாற்றிக்கொள்வார்கள், கார்டு முன்னால் இருந்தவன் டேக்கிள் பக்கம் சுற்றி வருவான். அந்த அரை நொடியில் ஷெல்லும் அப்ஷாவும் பேசாமலேயே ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவன் என்ன செய்வான் என்பதைத் தன் வேலையாகவே படித்தவன்தான் அங்கே நிலைப்பான். ஐந்து பேரில் நால்வர் சரியாகச் செய்து ஒருவர் தவறினாலும் குவார்ட்டர்பேக் மல்லாந்து கிடப்பார். ஆகவே திருத்துவதும் விளக்குவதும் அவர்களுக்குத் தினப்படி.

1982 பருவத்தோடு ஷெல் ஆடுவதை நிறுத்தினார். அந்த வருடம்தான் ரெய்டர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறி, அதே கொலிசியத்தில் ஆடத் தொடங்கியது. அடுத்த வருடமே லைன் பயிற்சியாளர் வேலை. முதல் பருவ முடிவில், 1984 ஜனவரியில், 18-ஆவது சூப்பர் பவுலில் வாஷிங்டனை 38–9 என்று நசுக்கினார்கள். மார்கஸ் ஆலன் 191 கெஜம் ஓடினார். பாதை திறந்தவர்கள் ஷெல்லின் பையன்கள்.

அப்ஷா வேறு பாதையில் போய் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். 1987-இல் அவர் தலைமையில் வேலை நிறுத்தம் நடந்தது. முதலாளிகள் மாற்று ஆட்களை வைத்து மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். ரெய்டர்ஸ் பயிற்சிக் குழுவில் ஷெல் இருந்தார். பத்து வருடம் தோளோடு தோள் நின்றவர்களில் ஒருவர் கோட்டுக்கு இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். இருவருக்கும் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அப்புறம் 1989. ஆகஸ்டில் ஓஹையோவின் கேன்டன் நகரில் புகழ்க் கூடத்தில் சேர்ந்தார். மேடையில் அறிமுகம் செய்துவைத்தவர் அல் டேவிஸ். அந்த வருடம் சேர்ந்தது நால்வர்: ரெய்டர்ஸின் பரம வைரிகளான பிட்ஸ்பர்க்கின் டெர்ரி பிராட்ஷாவும் மெல் பிளவுன்டும், கிரீன் பே அணியின் வில்லி வுட், ஷெல். வில்லி வுட்டைக் கவனியுங்கள். 1975-இல் டபிள்யூஎஃப்எல் என்ற போட்டி லீகில் தலைமைப் பயிற்சியாளர், 1980-இல் கனடா லீகில் டொரான்டோவுக்கு. இரண்டு இடத்திலும் நவீன காலத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். என்எஃப்எல் அவருக்கு அந்த நாற்காலியைத் தரவே இல்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மைக் ஷானஹன் தலைமையில் ரெய்டர்ஸ் நான்கில் மூன்று தோற்றிருந்தது. அக்டோபர் 3 அன்று டேவிஸ் அவரை அனுப்பிவிட்டு ஷெல்லைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார். 1921-இல் ஏக்ரான் அணியை நடத்திய ஃபிரிட்ஸ் பொல்லார்டை எண்ணினால் லீகின் இரண்டாவது கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர், நவீன காலத்தில் முதல்வர். நடுவில் போன வருடங்களை எண்ணிப் பாருங்கள். ஷெல் அதைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. இது வரலாறு என்று தெரியும், பெருமைதான், ஆனால் நான் ஒரு ரெய்டர் என்ற தோரணையில் முடித்துக்கொண்டார். ஆறு நாள் கழித்து, திங்கள் இரவு, நியூயார்க் ஜெட்ஸை அவர்கள் ஊரிலேயே 14–7 என்று வென்றார்.

ஷெல்லின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் சுவாரசியமான திருப்பம் இங்கே இருக்கிறது. பதினைந்து பருவம் எண்ணே இல்லாத வேலை பார்த்தவர், எண்ணைத் தவிர வேறு எதையும் யாரும் பார்க்காத வேலைக்கு வந்தார். லைன்மேன் நன்றாக ஆடினானா என்பது அவன் சகாக்களுக்கும் படம் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் மட்டும் தெரியும். தலைமைப் பயிற்சியாளர் என்றால் பெயருக்குப் பக்கத்தில் வெற்றி இத்தனை, தோல்வி இத்தனை, அவ்வளவுதான்.

1990-இல் அந்த எண் 12–4. பிரிவு முதலிடம். ஜனவரியில் சின்சினாட்டியை 20–10 என்று வென்றார்கள், ஆனால் அந்த ஆட்டத்தில் போ ஜாக்சனின் இடுப்பு போனது. கால்பந்தும் பேஸ்பாலும் சேர்த்து ஆடிய அந்த அற்புத மனிதர் பிறகு கால்பந்து ஆடவே இல்லை. அடுத்த வாரம் பஃபலோவில் 51–3 என்று தோல்வி. பாதி ஆட்டத்திலேயே 41–3. பஃபலோ கூடிப் பேசாமலே அடுத்தடுத்து ஆட்டத்தை ஓட்ட, ரெய்டர்ஸ் மூச்சு வாங்கியது. இவ்வளவு நல்ல பருவத்துக்கு இவ்வளவு அவமானமான முடிவு நான் அதிகம் பார்த்ததில்லை.

1991-இலிருந்து 1994 வரை சொல்ல அதிகம் இல்லை: 9–7, 7–9, 10–6, 9–7. சொல்ல வேண்டியது மார்கஸ் ஆலன் விவகாரம். டேவிஸுக்கும் ஆலனுக்கும் ஆகாமல் போய், நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்தார். 1992 இறுதியில் ஆலன் தொலைக்காட்சியிலேயே டேவிஸ் தன் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று சொன்னார். நடுவில் மாட்டியவர் ஷெல். முதலாளிக்கும் விசுவாசம், தான் பாதை திறந்து ஓடவிட்ட பையனுக்கும் பாசம். என் கணிப்பு, லைன்மேன் குணம் அவருக்கு அங்கே இடைஞ்சல். வருகிற இடியை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வது வரிசையில் பெரிய குணம். தலைமை நாற்காலியில் அப்படி இருந்தால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள்.

1994 முடிந்ததும் டேவிஸ் அவரை நீக்கினார். மொத்தம் 54 வெற்றி, 38 தோல்வி. இந்தக் கணக்கோடு ஒரு பயிற்சியாளர் வெளியே வந்தால் அடுத்த வருடமே இரண்டு அணி கூப்பிடும் என்றுதான் நினைப்போம். ஷெல்லுக்கு அடுத்த தலைமைப் பதவி கிடைக்கப் பதினோரு பருவம் ஆயிற்று. கேன்சஸ் சிட்டியில் மறுபடி லைன் பயிற்சியாளர் (அங்கே யார்? மார்கஸ் ஆலன்!), பிறகு அட்லாண்டாவில் அதே வேலை. அட்லாண்டா 1999 ஜனவரியில் சூப்பர் பவுலுக்குப் போனது. எதிரே டென்வர், அதன் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹன். டென்வர் 34–19. பத்து வருடம் முன்னால் ஷெல்லுக்காக இடத்தைக் காலி செய்தவருக்கு இரண்டாவது கோப்பை, ஷெல் துணைப் பயிற்சியாளர். ஷானஹன் திறமைசாலி, அதில் மறுப்பில்லை. ஆனால் ரெய்டர்ஸில் அவர் கணக்கு 8–12. 54–38 வைத்திருந்தவருக்கு ஏன் இரண்டாம் வாய்ப்பு வரவில்லை என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் எனக்குத் தெரிகிறது.

2002-இல் வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும் இதே கேள்வியை அறிக்கையாக்கி லீக் முன்னால் வைத்தார்கள். கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதிகம் வெல்கிறார்கள், ஆனால் கடைசியாக எடுத்து முதலில் நீக்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். அடுத்த வருடம் ரூனி விதி வந்தது: தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும்.

2006-இல் டேவிஸ் மறுபடி கூப்பிட்டார். ஷெல்லை நீக்கியது தவறு என்றும் ஒப்புக்கொண்டார், அவர் வாயிலிருந்து அபூர்வமாக வரும் சொல். அணி 1995-இலேயே ஓக்லாந்துக்குத் திரும்பியிருந்தது. நான் அப்போது ஃப்ரீமான்ட்டில் இருந்தேன், ஓக்லாந்து மைதானம் பார்ட் ரயிலில் அரை மணி நேரத்துக்குள். அலுவலகப் பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஆட்டம் திங்கள் இரவு, சொந்த மண், சான் டியேகோவுடன். 0–27.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆட்டங்களை வகுக்க ஷெல் அழைத்து வந்தவர் பழைய சகா டாம் வால்ஷ். அவர் பத்து வருடத்துக்கும் மேல் லீகை விட்டு விலகி ஐடஹோவில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். அவர் போட்ட திட்டங்களில் குவார்ட்டர்பேக் ஆழமாகப் பின்வாங்கி, பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அது செல்லும். 2006-இல் எதிரணிகள் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன. இடது டேக்கிள் இடத்தில், ஷெல்லின் சொந்த இடத்தில், ராபர்ட் கேலரி. 2004-இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். வாராவாரம் வெளிப்பக்கம் வழியாக அவரைத் தாண்டிப் போனார்கள். பருவ முடிவில் ரெய்டர்ஸ் குவார்ட்டர்பேக்குகள் 72 முறை வீழ்த்தப்பட்டிருந்தார்கள். மொத்தம் எடுத்தது 168 புள்ளி. ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றது மூன்று ஆட்டம். கணக்கு 2–14. இத்தனைக்கும் அந்த அணியின் தடுப்பு வரிசை லீகில் முன்னணியில் இருந்தது!

அந்தப் பருவத்தைச் சொல்லி ஷெல்லை மட்டம் தட்டுபவர்கள் நிறைய. வால்ஷைக் கொண்டுவந்தது அவர் முடிவு, பருவத்தின் நடுவில் மாற்ற இத்தனை வாரம் எடுத்ததும் அவர் முடிவு, மழுப்ப முடியாது. பழைய ஆட்களை நம்பும் குணம் ரெய்டர்ஸில் எல்லோருக்கும் உண்டு, அவருக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த அணி அவர் வருவதற்கு முன் மூன்று வருடத்தில் 13 ஆட்டம்தான் வென்றிருந்தது. அவர் போன பிறகும் பல வருடம் எழவில்லை. கேலரியை அடுத்த வருடம் கார்டு இடத்துக்கு மாற்றினார்கள், அங்கே உருப்படியாக ஆடினார். இருக்க வேண்டிய இடம் ஓரடி உள்ளே என்பதை ஷெல் கண்ணே அந்த வருடம் தவறவிட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

2007 ஜனவரி 4 அன்று மீண்டும் நீக்கம். சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 4 அன்று, மயாமியில் சூப்பர் பவுல். டோனி டன்ஜி ஒரு பக்கம், லவி ஸ்மித் மறு பக்கம். இரு அணியையும் கறுப்பினப் பயிற்சியாளர்கள் நடத்திய முதல் சூப்பர் பவுல் அது.

அதற்குப் பிறகு ஷெல் எந்த அணிக்கும் பயிற்சி தரவில்லை. அப்ஷா 2008 ஆகஸ்டில் காலமானார், அதுவரை சங்கத் தலைவர் அவர்தான்.

இன்று அணி முதலாளிகள் தலைமைப் பதவிக்குத் தேடுவது குவார்ட்டர்பேக்கை வளர்க்கத் தெரிந்த இளைஞர்களை. லைன் பயிற்சியாளர் அறையிலிருந்து தலைமைக்குப் போவது குறைந்துவிட்டது. விதிவிலக்காக 2022 நவம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ஒரு பழைய லைன்மேனைப் பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது: ஜெஃப் சாட்டர்டே, அருமையான சென்டர், வெள்ளையர். அதற்கு முன் அவர் பயிற்சி கொடுத்தது ஒரு பள்ளி அணிக்கு. ஷெல் ஆறு பருவத்துக்கும் மேல் லைன் பயிற்சியாளராகக் காத்திருந்து ஏறிய படி அது. எத்தனையோ கறுப்பினத் துணைப் பயிற்சியாளர்கள் அன்று கொதித்துப் போனதில் வியப்பில்லை. சாட்டர்டே நடத்திய எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி. வென்ற ஒன்று முதல் ஆட்டம், லாஸ் வேகஸில், 25–20, தோற்றது அதற்குள் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்திருந்த ரெய்டர்ஸ்.